பலகையில் இருந்த ஜப்பான் முத்திரை

என் கடையின் பெயர்ப்பலகையில் என் பெயரை விடப் பெரிதாக ஒரு வட்டம் இருந்தது. வட்டத்துக்குள் வளைந்து நெளிந்த கோடுகள். தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டு தூண்டில் முட்கள் ஒன்றையொன்று கொழுவிக்கொண்டு கிடப்பது போலத் தெரியும். அது ஜப்பான்காரனின் தர முத்திரை. அந்த நாட்டில் ஒரு சாமானைச் சோதித்து, இது சரியான சாமான்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகே அதைக் குத்துவார்கள்.

நான் விற்றது இயந்திரங்களுக்குப் பூட்டும் பெல்ட். ஐஸ் கொம்பனியோ, நெல் மில்லோ, பெரிய வள்ளத்து எஞ்சினோ, எதுவானாலும் ஒரு சில்லின், அதாவது சக்கரத்தின், சுழற்சியை இன்னொரு சில்லுக்குக் கொண்டுபோவது அந்தக் கறுப்பு றப்பர் பெல்ட்தான். அது அறுந்தால் எத்தனை பெரிய இயந்திரமும் வெறும் இரும்பு. பேசாலையிலிருந்து மறிச்சுக்கட்டி வரைக்கும் அந்த நாட்களில் ஓடிய பெல்ட்டுகளில் பாதிக்கு மேல் என் கையால் போனவை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்தால் பழைய ஆட்கள் சொல்லுவார்கள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீடுகளுக்கு நெருப்பு வைத்த வருடம் மாற்றுச் சாரம் ஒன்றோடு மன்னாருக்கு வந்தவன். பஸ் நிலையத்தில் மூட்டை தூக்கினேன். ரயர் கடைத் திண்ணைப் பலகையில் படுத்தேன். "தோட்டக்காட்டான்" என்று என்னைக் கூப்பிட்டவர்களே பிறகு, "முதலாளி, பெல்ட் இருக்கோ?" என்று என் கடை வாசலில் நின்றார்கள். றப்பரை யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. வளைத்துப் பார்ப்பேன், மணந்து பார்ப்பேன், நகத்தால் கீறிப் பார்ப்பேன். அதற்கும் மேலே, பெல்ட்டின் முதுகில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். வாங்க வந்த ஒவ்வொருவரையும் பலகைக்குக் கீழே நிறுத்தி, கழுத்தை நிமிர்த்தச் சொல்லி, "இந்த வட்டம் இல்லாத பெல்ட்டை என்ட கடையில எண்டாலும் வாங்காதையுங்கோ" என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். என் வாயால்தான் அந்தக் கரை முழுவதும் அந்த வடிவத்தை மனப்பாடம் செய்தது.

அது என் கழுத்துக்கே வந்தது.

சமாதானம் என்று சொன்ன காலம் முடிந்து, மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு அப்பால் திரும்பவும் ஷெல் சத்தம் கேட்கத் தொடங்கிய நாட்கள் அவை. கொழும்பிலிருந்து வரும் சாமான்களை வழியில் உள்ள சோதனைச்சாவடியில் லொறியிலிருந்து இறக்கி, பிரித்து, குத்திப் பார்த்து, வேறு லொறியில் ஏற்றுவார்கள். கடைக்கு வந்து சேரும்போது பெட்டி அதே பெட்டிதானா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தேகம் வரும். சந்தேகம் எனக்கு மட்டும் இல்லை. தெருவில் புதிதாக ஒரு சைக்கிள் நின்றால் எல்லோருடைய கதவும் சாத்திக்கொள்ளும். கழுதைகள் மட்டும்தான் ஒருவரையும் சந்தேகப்படாமல் என் பலகைக்குக் கீழே நிழலுக்குப் படுத்துக் கிடந்தன.

அப்படி ஒரு திங்கட்கிழமை, ஐஸ் கொம்பனி ஹாஜியார் கடைக்குள் வந்து, அறுந்த பெல்ட் ஒன்றை மேசையில் போட்டார்.

ஹாஜியார் மன்னார்த் தீவின் முஸ்லிம் குடும்பத்தவர். இந்தக் கரை முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றிய நேரம் அவரும் போய், புத்தளத்தில் அகதி முகாமில் இருந்து, சமாதான காலத்தில் திரும்பி வந்து அந்த ஐஸ் கொம்பனியைக் கட்டியவர். முதல் பெல்ட்டை என்னிடம்தான் வாங்கினார். தான் வாங்கியதால்தான் மற்றவர்களும் என்னிடம் வந்தார்கள் என்று அவர் சொல்லுவார். நான் விற்றதால்தான் அவருடைய தண்ணீர் ஐஸ் ஆனது என்று நான் சொல்லுவேன். இப்படிப் பகிடி விட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும். அன்றைக்கு அவர் கதிரையில் இருக்கவில்லை. நின்றார்.

"அண்ணன், போன கிழமை பூட்டின பெல்ட். பாருங்கோ, எப்பிடிப் பிஞ்சு கிடக்குது எண்டு."

"மிசினைப் பார்த்தீங்களோ?"

"மிசினை விடுங்கோ. ஐஸ் முழுக்கத் தண்ணியாப் போச்சு. அரிப்பு ஊரில இருந்து வந்த மீன் எல்லாம் நாறிப் போச்சு. என்னை நம்பி வைச்ச மீன். அந்தச் சனத்துக்கு நான் என்ன பதில் சொல்ற?" பெல்ட்டைப் புரட்டி முதுகைக் காட்டினார். "இதில உங்கட வட்டம் எங்க?"

வட்டம் இருந்தது. ஆனால் அது என் வட்டம் இல்லை. முறுக்கிய கோடுகள் இல்லாமல், மூன்று இங்கிலீசு எழுத்துகளை வாசிக்கக்கூடிய மாதிரி வேறு ஒரு அச்சு. அது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் சரக்கு வந்த அன்றே கொழும்பு முதலாளிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "ஜப்பான்காரன் முத்திரைய மாத்திட்டான், இனிமே இதுதான்" என்றார். கொழும்பில் இருந்து வரும் எதையும் நான் பாதிதான் நம்புவேன். பெல்ட்டை வளைத்தேன், மணந்தேன், கீறினேன். கை சரி என்றது. அதனால் விற்றேன்.

அதை அப்படியே ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். தாள் முழுவதும் ஒரே ஒரு அடையாளம், கறுப்பில். என் பலகையில் இருந்த அதே முறுக்கிய வட்டம்.

"கொமினிக்கேசன் கடை நடத்துற ரீச்சர் அடிச்சுத் தந்தவ. உலகம் முழுக்க இருக்கிற கொம்பியூட்டரில ஜப்பான்ட முத்திரை இதுதானாம். உங்கட பலகையில இருக்கிறதும் இதுதான். உங்கட பெல்ட்டில இருக்கிறது மட்டும்தான் வேற."

"நான் கள்ளச் சாமான் விக்கிறன் எண்டு சொல்றீங்களோ, ஹாஜியார்?"

"நான் சொல்லேல்ல. கொம்பியூட்டர் சொல்லுது." கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்ச பிறகு மில்லுக்காரங்கள், வள்ளக்காரங்கள் எல்லாரும் என்ட இடத்தில கூடுறம். மீன் நாறின கதை வரும். அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் கண்டதைச் சொல்லத்தான் வேணும்."

அவர் கண்டதைச் சொன்னால் என் கடை முடிந்தது. மூட்டை தூக்கிச் சேர்த்த பெயர் அது. வேறு ஊரில் போய் இன்னொரு தரம் தொடங்குகிற வயது எனக்கு இல்லை.

அன்றைக்கு முழுவதும் நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. கொழும்பு முதலாளி நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை அனுப்பினாரா? லொறிக்காரன் வழியில் மாற்றினானா? சாவடியில் இறக்கி ஏற்றும்போது பெட்டி கை மாறியதா? எதிர்ப்பக்கக் கடைக்காரன் ஹாஜியாரின் காதில் ஓதினானா? கடையில் நிற்கிற மச்சான், என் மனைவியின் தம்பி, கொஞ்ச நாளாகப் புதுச் செருப்புப் போடுகிறானே, அது எங்கேயிருந்து வந்தது? இரவு சாப்பிடும்போது அதை வாய்விட்டுக் கேட்டும் விட்டேன்.

மனைவி சோற்றுக் கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். அவளும் மலைநாட்டுக்காரி. எத்தனை வருடம் மன்னாரில் இருந்தாலும் கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"ஏங்க, அந்தச் செருப்ப நான்தான் வாங்கிக் குடுத்தேன். அடுத்தது என்னையா சந்தேகப்படப் போறீங்க? சொல்லிட்டீங்கன்னா இப்பவே பெட்டியக் கட்டிருவேன்."

"உன்னை விட்டிட்டன்."

"பெரிய மனசு. அந்தத் தாள அடிச்சுக் குடுத்த ரீச்சர ஏன் இன்னும் கேக்கல?"

கேட்கவில்லைதான். அந்த ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் நேரே கொமினிக்கேசனுக்குப் போகவில்லை. முதலில் ஐஸ் கொம்பனிக்குப் போய் ஹாஜியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். சாட்சி இல்லாமல் ஒன்றைப் பார்ப்பது என் வழக்கம் இல்லை. நான் பார்த்தேன் என்று நாளைக்கு நானே சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆஸ்பத்திரி வீதியில் இருந்தது அந்த இடம். வெளிநாட்டுக்குப் போன் கதைக்க இரண்டு கண்ணாடிக் கூடுகள், ஒரு போட்டோக் கொப்பி மிசின், ஒரு கொம்பியூட்டர். நடத்தியவர் பென்சன் எடுத்த கணக்கு ரீச்சர். கழுத்தில் செபமாலை, மூக்கில் கண்ணாடி, யாருக்கும் குரல் உயர்த்தாத மனுசி. அப்படிப்பட்ட ஆட்களைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

"இந்தத் தாளை யார் சொல்லி அடிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஹாஜியார் சொல்லி. அண்ணை, முதல்ல கதிரையில இருங்கோ."

"நான் இருக்க வரேல்ல."

"அப்ப நிண்டுகொண்டே பாருங்கோ" என்று சொல்லிவிட்டுக் கொம்பியூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். "ஹாஜியார் வந்து, உங்கட கடைப் பலகையில இருக்கிற வட்டம் உண்மையா ஜப்பான்ட முத்திரைதானோ எண்டு கேட்டவர். இருக்கோ எண்டு தேடினன். இருந்தது. அடிச்சுக் குடுத்தன். எங்க இருந்தது எண்டு உங்களுக்கும் காட்டுறன்."

மூன்று, சைபர், சைபர், நாலு என்று நான்கு இலக்கங்களை அடித்தார். பிறகு விசைப்பலகையில் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமத்தினார். இலக்கங்கள் நான்கும் மறைந்துபோய் அந்த இடத்தில் ஒரு வெறும் பெட்டி வந்து நின்றது. சதுரம். உள்ளே ஒன்றும் இல்லை.

"முத்திரை எங்க?" என்றேன்.

"இதுதான்."

"இது பெட்டி."

"பெட்டிக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறீங்களோ, ரீச்சர்?" என்றார் ஹாஜியார்.

ரீச்சர் சிரிக்கவில்லை. எழுத்துருப் பெயர்கள் வரிசையாக நிற்கிற இடத்தைத் திறந்து, ஜப்பான் எழுத்துக்கு உரிய ஒன்றைத் தெரிந்தெடுத்தார். பெட்டி இருந்த இடத்தில் என் பலகை வட்டம் வந்தது. முறுக்கிய கோடு, தூண்டில் முள், எல்லாம் அச்சுப் பிசகாமல்.

என் சந்தேகம் இன்னும் கூடியது. ஒரே சாமான் ஒரு தரம் பெட்டியாகவும் ஒரு தரம் முத்திரையாகவும் தெரிந்தால் எதை நம்புவது?

"அண்ணை, கொம்பியூட்டருக்குள்ள வடிவம் இல்லை" என்றார் ரீச்சர். "நம்பர்தான் இருக்கு. உலகத்தில இருக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒவ்வொரு நம்பர் குடுத்து வைச்சிருக்கினம். ஓராள் எழுதி அனுப்பேக்க போறது அந்த நம்பர் மட்டும்தான். இங்க வந்தாப் பிறகு, இங்க இருக்கிற எழுத்துருதான் நம்பரைப் பார்த்து வடிவத்தைக் கீறுது. அந்த எழுத்துருவில வடிவம் இல்லாட்டி வெறும் பெட்டி. சாமான் துலையேல்ல. கீறத் தெரிஞ்ச ஆள் இல்லை, அவ்வளவுதான்."

"தமிழுக்கும் அப்பிடியோ?"

"ஓம். உங்கட அனாவுக்கும் நம்பர் இருக்கு." சைபர், பி, எட்டு, ஐந்து என்று அடித்து அதே கட்டைகளை அமத்தினார். 'அ' வந்தது. "வெளிநாட்டில இருந்து மகன் தமிழில எழுதியிருப்பான். இங்க பெட்டி பெட்டியாத் தெரியும். பிள்ளை என்னவோ மறைக்கிறான் எண்டு இந்தக் கதிரையில இருந்து அழுத தாய்மார் இருக்கினம்."

அந்த நம்பருக்கு நடுவில் 'பி' என்கிற எழுத்து ஏன் வந்தது என்று கேட்டேன். நம்பர் என்றால் நம்பராக இருக்க வேண்டாமா? கொம்பியூட்டர்க்காரர் பத்துப் பத்தாக எண்ணாமல் பதினாறு பதினாறாக எண்ணுவதாகவும், ஒன்பதுக்கு மேலே இலக்கம் போதாமல் எழுத்தைக் கடன் வாங்குவதாகவும் சொன்னார். அப்படிப் பார்த்தால் என் முத்திரையின் நம்பரும் மூவாயிரத்து நாலு இல்லையாம். எங்கள் எண்ணிக்கையில் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டுமாம். மூவாயிரம் என்று எழுதிப் பன்னிரண்டாயிரம் என்று வாசிக்கிற ஆட்களோடு வியாபாரம் செய்யக்கூடாது என்று ஹாஜியார் என் காதில் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பழைய பகிடி எட்டிப் பார்த்தது அந்த ஒரு நிமிடம்தான்.

நான் பகிடியில் நிற்கவில்லை. எனக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அது வருமோ தெரியாது, வியாபாரம் செய்தவனுக்கு வரும்.

"ரீச்சர், ஜப்பான்காரன் நாளைக்கு முத்திரையை மாத்தினால் இது என்ன ஆகும்?"

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது இப்பிடியேதான் இருக்கும். ஒருக்காக் குடுத்த நம்பரைத் திருப்பி எடுக்கிறேல்ல. வேற ஒண்டுக்குக் குடுக்கிறதும் இல்லை. அது சட்டம். எடுத்தால், இந்த அடையாளத்தைப் போட்டு முந்தி எழுதி வைச்சதெல்லாம் பிழைச்சுப் போகும். அதால பழசு பழசாவே அங்க இருக்கும்."

"அப்ப, உங்கட கொம்பியூட்டருக்கு முத்திரை மாறினது தெரியாது."

"நம்பருக்குத் தெரியாது. இன்ரநெற்றுக்குத் தெரிஞ்சிருக்கும். லைன் இருந்தால் பார்ப்பம்."

லைன் இருந்தது, அறுந்தது, திரும்ப வந்தது. போன் கம்பியால் வருகிற இன்ரநெற் அந்த நாட்களில் தண்ணீர் வண்டி மாதிரி, வந்தால்தான் நிச்சயம். ரீச்சர் தேடித் தேடி ஜப்பான் எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்தார். வாசிக்க ஒருவருக்கும் தெரியாது. நடுவில் ஒரு படம் மேலேயிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் வளைவின் உச்சி. பிறகு எழுத்துகளின் தலை. நான் கையில் கொண்டுபோன புதிய பெல்ட்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் முழுவதும் இறங்கி முடிய, இரண்டும் ஒன்று.

"பார்த்தீங்களோ!" என்று நான் போட்ட சத்தத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் கதைத்துக்கொண்டிருந்த அம்மா போனை மூடிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

ஹாஜியார் அசையவில்லை. "இதின்ட நம்பர் என்ன, ரீச்சர்?"

ரீச்சர் படத்தின் மேல் அம்புக்குறியை வைத்து இழுத்துப் பார்த்தார். அது எழுத்து மாதிரிப் பிடிபடவில்லை. "இதுக்கு நம்பர் இல்லை. இது படம்."

"பழசுக்கு நம்பர் இருக்கு. புதுசுக்கு இல்லை."

"ஓம்."

"அப்ப எது உண்மை? படம் எவனும் போடலாம். நாளைக்கு நான் என்ட மூஞ்சையைப் போட்டு ஜப்பான் முத்திரை எண்டு சொல்லலாம்."

உள்ளதைச் சொன்னால், அந்த இடத்தில் நான் அவர் பக்கம். நம்பர் இல்லாத ஒன்றை நானும் நம்பியிருக்க மாட்டேன். வாயைத் திறந்து எனக்கு எதிராக நானே சொல்லிவிடுவேனோ என்று பயந்து பெல்ட்டைச் சுருட்டினேன்.

ரீச்சர் கதிரையைத் திருப்பி ஹாஜியாரைப் பார்த்தார். "ஹாஜியார், நீங்கள் புத்தளத்தில இருந்து திரும்பி வரேக்க உங்கட வீட்டில என்ன இருந்தது?"

"ஏன் அதை இப்ப கேக்கிறீங்க?"

"சொல்லுங்கோவன்."

"கூரை இல்லை. நிலை, கதவு ஒண்டும் இல்லை. வளவு முழுக்க உடைமரம். மதிலில நம்பர் தகடு மட்டும் கறள் பிடிச்சு இருந்திச்சு."

"நகரசபைக் கந்தோரில அந்த நம்பர் யாற்ற பேரில?"

"வாப்பாட பேரில."

"வாப்பா?"

"முகாமிலேயே மௌத்தாகிட்டார்." ஹாஜியாரின் குரல் இறங்கியது. "அந்த நம்பரைக் காட்டித்தான் வளவைத் திருப்பி எடுத்தன். வேற ஒருத்தருக்கும் குடுக்காம வைச்சிருந்தாங்க."

"ஆள் போனாலும் நம்பர் அப்பிடியே இருந்தது. சரி. இப்ப நீங்கள் கட்டின ஐஸ் கொம்பனி இருக்கே, அதுக்கு நம்பர் குடுத்தாச்சோ?"

"இன்னும் இல்லை. எழுதிக் குடுத்து எவ்வளவு காலம். இண்டைக்கு வா, நாளைக்கு வா எண்டுறாங்க."

"அப்ப அது கள்ளக் கொம்பனியோ?"

ஹாஜியார் ரீச்சரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, "இவவிட்டப் படிச்ச பிள்ளையள் பாவம்" என்றார். அடக்கிக்கொண்டு நின்ற சிரிப்பு அப்போதுதான் அவருக்கு வந்தது.

வெளியே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "முத்திரை சரி, அண்ணன். அதை ஒப்புக்கொள்றன். ஆனா நல்ல பெல்ட் ஒரு கிழமையில அறுமோ?"

அது நியாயமான கேள்வி. நேரே ஐஸ் கொம்பனிக்கு நடந்தோம். உள்ளே குளிர் இல்லை, நாற்றம்தான் இருந்தது. அரிப்பிலிருந்து மீன் கொண்டு வந்த இரண்டு பேர் வெறும் பெட்டிகளைக் கழுவிக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் ஒருவர் மற்றவரிடம், "வட்டத்துக்காரர் வாறார்" என்றார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார்.

ஹாஜியார் ஒரு யோசனை சொன்னார். என் கடைச் சுவரில், காட்சிக்கு என்று, பழைய வட்டம் குத்திய பெல்ட் ஒன்று வருடக்கணக்காகத் தொங்குகிறது. அதைக் கொண்டு வந்து பூட்டுவோம். அது ஓடினால் பிழை புதிய பெல்ட்டில். அதுவும் அறுந்தால் பிழை மிசினில்.

"ஏலாது" என்றேன்.

"ஏன் ஏலாது?" என்றார் மீன்காரர். "பயமோ?"

"அது றப்பர். தொங்கித் தொங்கி வெயிலில காஞ்சு போச்சு. நல்ல மிசினில பூட்டினாலும் அறும். அறுந்தால் நான் வெண்ட மாதிரித் தெரியும். உங்கட மீன் இன்னொருக்கா நாறும்."

மூன்று பேரும் என்னை ஒரே மாதிரிப் பார்த்தார்கள். ஒரு வியாபாரி தனக்கு லாபமான ஒன்றை வேண்டாம் என்றால் அதற்குள் வேறு ஏதோ இருக்கும் என்றுதான் நினைப்பார்கள். அவர்கள் இடத்தில் நின்றால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"ஒரு தங்கூசி நூல் தாங்கோ" என்றேன்.

வலை முடிகிற அந்த நரம்பு நூலை மீன்காரரே மடியிலிருந்து எடுத்துத் தந்தார். ஒரு நுனியை எஞ்சின் சில்லின் ஓரத்தில் அவரைப் பிடிக்கச் சொன்னேன். மறு நுனியை இழுத்துக்கொண்டு போய் மற்றச் சில்லின் ஓரத்தில் வைத்தேன். இரண்டு சில்லும் ஒரே நேரில் நின்றால் நூல் இரண்டின் முகத்திலும் படிய வேண்டும். படியவில்லை. என் பெருவிரல் நுழைகிற இடைவெளி. எஞ்சின் சாய்ந்து நின்றது. அப்படிச் சாய்ந்தால் பெல்ட் ஓரத்தால் தேய்ந்து தேய்ந்து ஓடும். ஜப்பான் ராசாவே முத்திரை குத்தினாலும் நிற்காது.

ஹாஜியாரின் முகம் மாறியது. "யாரும் வேணுமெண்டு நட்டைக் கழட்டினாங்களோ?" பார்வை மூலையில் நின்ற எஞ்சின் ஓட்டுகிறவரிடம் போனது.

"அல்லாவே, ஹாஜியார்! நானோ? நான் கழட்டுவனோ?" என்று எஞ்சின்காரர் தலையில் கை வைத்தார்.

எனக்கும் முதலில் அவர் மேல்தான் சந்தேகம். குனிந்து நட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக இருந்தன. அடியில் படிந்திருந்த எண்ணெய் ஊத்தையைச் சீலையால் துடைத்தேன். எஞ்சின் இருக்கும் சீமெந்துக் கட்டு குறுக்காக வெடித்து, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. சாவி போட்டு ஒரு மனிதன் செய்கிற வேலை இல்லை அது. அந்த நேரம் பார்த்துப் பாலத்துக்கு அப்பால் ஒரு சத்தம். கூரைத் தகரம் அதிர்ந்தது. வெடிப்பிலிருந்து கொஞ்சம் தூசு கொட்டியது. ஐந்து பேரும் அந்தத் தூசைப் பார்த்தோம்.

எஞ்சின்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இப்ப போய் ஷெல் அடிக்கிறவங்களைப் பிடிச்சுக் கேளுங்கோ, ஹாஜியார்."

வெடித்த சீமெந்துக் கட்டை அன்றைக்கே உடைத்து, கெதியில் இறுகும் சீமெந்து போட்டு, வியாழக்கிழமை வரை காய விட்டு, எஞ்சினை ஏற்றினார்கள். நூல் பிடித்து நேர் பார்த்தது நான். பூட்டியது என் கடைப் பெல்ட், புதிய முத்திரை குத்தியது. சில்லு சுழன்றதும் முத்திரை கண்ணுக்குத் தெரியாமல் போனது. எந்த முத்திரையானாலும் ஓடும்போது வெறும் கறுப்புக் கோடுதான். வெள்ளிக்கிழமை காலையில் முதல் ஐஸ் கட்டி வெளியே வந்தது. அரிப்புக்காரர் இரண்டு பேரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார்கள்.

ஜும்மாவுக்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போகிறவன் இல்லை நான். ஆனால் என் பெயரை வைத்துப் பேசுகிற இடத்தில் நான் இல்லாமல் பேச விட மாட்டேன். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றேன். மில்லுக்காரர் ஒருவர் எழுந்து, வட்டம் இல்லாத பெல்ட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதாகத் தொடங்கினார். எல்லாக் கழுத்தும் என் பக்கம் திரும்பியது. என் கடை முழுவதும் அந்த நேரத்தில் ஹாஜியாரின் நாக்கில் இருந்தது.

ஹாஜியார் இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "பெல்ட் நல்லது. நானே சோதிச்சன். அண்ணன்ட பலகைதான் பழசு."

கூடம் முழுவதும் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது, நிம்மதியும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"பலகையை மாத்துங்கோ முதலாளி!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்.

அடுத்த கிழமை பலகை எழுதுகிறவர் வந்தார். பழைய வட்டத்தை அழித்துவிட்டுப் புதியதைக் கீறட்டுமா என்று கேட்டார். அழிக்க வேண்டாம், கீழே இடம் இருக்கிறது, அங்கே போடு என்றேன். பழைய பெல்ட்டுகள் இன்னும் எத்தனையோ மில்களில் ஓடிக்கொண்டிருந்தன. இதை அழித்தால் அந்தப் பெல்ட்டுகள் எல்லாம் கள்ளம் என்று நானே எழுதி வைத்த மாதிரி ஆகிவிடும். ரீச்சர் சொன்ன சட்டம் எனக்கு முன்பே தெரிந்ததுதான் என்று அவரிடம் பிறகு சொன்னேன். அவர் "ஓம், ஓம்" என்றார். எந்த மாதிரி ஓம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

ஹாஜியார் தொடர்ந்து என்னிடம்தான் வாங்கினார். ஒவ்வொரு முறையும் பெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு முத்திரையோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். ஐஸ் கொம்பனிக்கு நம்பர் கிடைத்ததா என்று நானும் ஒவ்வொரு முறையும் கேட்பேன். கிடைத்த அன்றைக்கு அந்தத் தகட்டைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். நான் அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

இப்போது என் கையில் ஒரு போன் இருக்கிறது. அந்த முறுக்கிய வட்டத்தை அதில் சேமித்து வைத்திருக்கிறேன். ஜப்பானில் அதைக் குத்துவதை நிறுத்திப் பல காலமாகிவிட்டது. பெல்ட்டிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. போனுக்குள் மட்டும் அதே நம்பரில், அதே இடத்தில் இருக்கிறது. இடைக்கிடை திறந்து பார்ப்பேன். எடுக்க மாட்டார்கள் என்று ரீச்சர் சொன்னவர்தான். இருந்தாலும் ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது.